மூட்டை நகரும் பக்கம்

1

திண்டிவனத்துப் பங்குக் கோயில் மலருக்கு வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி ஏதாவது எழுதும்படி கேட்டிருந்தீர்கள். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். நாலு பேர் முன்னால் நின்று பேசவும் வராது. எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்பதால் ஒப்புக்கொண்டேன். எண்பத்திரண்டு மார்ச்சில் பிரான்சுக்கு வந்தோம். போன மாதத்தோடு ஆறு வருஷம் முடிந்தது. என்ன எழுதலாம் என்று உட்கார்ந்தால், எங்கள் கட்டடத்து லிஃப்ட்தான் நினைவுக்கு வருகிறது.

தவக்காலம் தொடங்கிய விபூதிப் புதனன்று அது நின்றுபோனது. கதவில் ஒரு தாளை ஒட்டினார்கள். என் மகள் ஸ்டெல்லா படித்துச் சொன்னாள்: "சீக்கிரம் சரி பண்ணுவாங்களாம்." ஊரில் கரண்டு போனால் சொல்லுகிற அதே சீக்கிரம்தான். தவக்காலம் முழுக்க அது அசையவில்லை.

பாரிஸுக்கு வெளியே, ரயிலில் அரை மணி தூரத்தில், ஐந்தாவது மாடியில் எங்கள் வீடு. மாதத்துக்கு ஒருமுறை பாரிஸில் யாழ்ப்பாணத்துக்காரர் கடைக்குப் போய் ஒரு மூட்டை அரிசி வாங்கி வருவோம். ரயிலில் கொண்டுவந்து, ஸ்டேஷனிலிருந்து நடக்க வேண்டும். அதற்கு என் மனைவி பிலோமினா ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். முடி கொட்டிப்போன துடைப்பத்தின் கட்டையை மூட்டையின் கயிற்றுக் காதுகளுக்குள் விட்டு, ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நடப்பது. இங்கே இருப்பவர்கள் எங்களைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். ஸ்டெல்லா ஸ்டேஷனிலேயே எங்களை விட்டுவிட்டு வேகமாக முன்னால் போய்விடுவாள். அவளுக்குப் பதினைந்து வயது. நாங்கள் அவளைக் குறை சொல்வதில்லை.

படியில் ஏறும்போது நான் முன்னால், பிலோமினா பின்னால். யார் முன்னால் போவது என்று நாங்கள் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. மார்ச் மாதத்து மூட்டையோடு ஏறினபோது ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் கட்டையை இறக்கச் சொன்னாள்.

"இன்னும் எத்தினி மாடிங்க?"

"ரெண்டு."

"கீழயும் அதையேதான் சொன்னீங்க."

"அப்பவும் ரெண்டுதான் இருக்கும்னு நெனச்சேன்."

"நல்லா நெனச்சீங்க போங்க. மேல ஏறுங்க ஜல்தி, உக்காந்தா அப்புறம் எழுந்துக்க மாட்டேன்."

மேலே போய்ச் சேர்ந்ததும் அவள் தலைமுடி அவிழ்ந்திருந்தது. வலக்கையைத் தூக்கி அதை முடிந்துகொள்ளாமல் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டாள். ஸ்டெல்லா வந்து முடிந்துவிட்டாள். மகள் அம்மாவுக்குத் தலை முடிகிறாளே என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

2

நாங்கள் வந்த கதையை உங்களில் சிலர் அறிவீர்கள். என் ஊர் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், ரயில் நிற்காத ஊர். அண்ணன் இஞ்ஞாசியும் நானும் சேர்ந்து பயிர் வைத்தோம். பிலோமினா புதுச்சேரிக்காரி. அவள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அதனால் அவளுக்கு இந்த நாட்டுக் குடியுரிமை இருந்தது. கிணறு கீழே போய், தொடர்ந்து இரண்டு வருஷம் மல்லாட்டைக் கடலை செடியிலேயே காய்ந்தபோது, அவள்தான் சொன்னாள்: "ஒரு தபா போய்ப் பாக்கலாம். ஆவலன்னா திரும்பி வந்துடலாம்." ஆகிறதா, ஆகவில்லையா என்று ஆறு வருஷமாக இருவருக்கும் தெரியவில்லை. அதனால் இன்னும் இங்கேயே இருக்கிறோம்.

நான் ஓர் ஓட்டலின் அடித்தளத்தில் துணி வெளுக்கிறேன். படுக்கை விரிப்புகளை இயந்திரத்தில் போட்டு எடுத்து மடிக்க வேண்டும். யாரோடும் பேசத் தேவையில்லை என்பதால் அந்த வேலையில் ஒட்டிக்கொண்டேன். பிலோமினா ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் பெரிய பாத்திரங்களைக் கழுவித் தூக்கி வைக்கிறாள். அவளுக்கு இந்த ஊர்ப் பேச்சு வரும். எனக்கு வராது. வந்த புதிதில் வேலை செய்யும் இடத்தில் மதியச் சாப்பாட்டின்போது, இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கரண்டியோடு வந்து கேட்பார்கள். நான் மரியாதையாக "மெர்சி" என்பேன். உடனே கரண்டி போய்விடும். இங்கே சாப்பாட்டின் முன்னால் நன்றி என்று சொன்னால் போதும் என்று அர்த்தமாம். அது தெரிகிறவரை பல நாள் அரை வயிற்றோடு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் மூன்று பேரில் இரண்டு பேர் இந்த நாட்டுக் குடிமக்கள். அந்நியன் நான் ஒருவன்தான். அதனால் எனக்குக் குடியிருப்பு அட்டை வேண்டும். அதைப் புதுப்பிக்க வேண்டிய போதெல்லாம் பிலோமினா வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு என்னோடு வருவாள். அரசாங்க ஆபீசில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற அம்மாள் என்னைப் பார்த்துக் கேட்பாள். பிலோமினா பதில் சொல்லுவாள். நான் சிரிப்பேன். ஒருமுறை வெளியே வந்ததும் கேட்டேன்:

"கடைசியா உன்கிட்ட என்னமோ கேட்டாளே, என்னா அது?"

"உங்களுக்கு வாய் பேச வருமான்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"ஊட்ல பேசுவாருன்னேன்."

இதைச் சொல்லிச் சொல்லி ரயில் முழுக்கச் சிரித்தோம். வீட்டுக்கு வந்து அவள் சோற்றை வடித்தாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் விழுந்தேன். அவளும் அதே தூரம்தான் நடந்து வந்திருந்தாள்.

3

அரிசி வாங்கி வந்த அந்த வாரத்திலேயே ஒரு சாயங்காலம் டெலிபோன் மணி அடித்தது. ஸ்டெல்லா எடுத்துப் பேசினாள். அப்புறம் அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் பிரெஞ்சில் ஏதோ கோபமாகச் சொன்னாள். பிலோமினா குரலைத் தாழ்த்திப் பதில் சொன்னாள். அதில் எனக்குப் புரிந்தது டாக்டர் என்ற சொல்லும் "அப்பா" என்ற சொல்லும்தான். ஸ்டெல்லா எந்த மொழியில் பேசினாலும் அப்பாவுக்கு மட்டும் தமிழ்தான் வைத்திருக்கிறாள்.

கூடத்துக்கு வந்த ஸ்டெல்லாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவளுடைய தமிழ் இப்போதெல்லாம் தேடித் தேடி வருகிறது.

"அம்மா தோள் உள்ள கிழிஞ்சி இருக்குது. பெரிய ஆஸ்பத்திரில பாக்கணும். நாள் குடுத்தாங்க. அம்மா அத மாத்தச் சொல்றாங்க."

"ஏன்?"

"அந்த நாள்தான் உன் அட்ட நாள்."

"வேற நாள் குடுப்பாங்களே."

"ஒரு வாட்டி மாத்தியாச்சி அப்பா. இன்னொரு வாட்டி மாத்துனா கோடைக்கு அப்புறந்தான் நாள். அதுக்குள்ள கை மேல வராதுன்னு சொல்றாங்க. அப்புறம் எப்பவுமே வராது."

அடுப்படியிலிருந்து பிலோமினா சத்தம் போட்டாள்: "அவ சொல்றதக் கேக்காதீங்க. கை என்ன ஓடியா போயிடப் போவுது? அட்ட போச்சின்னா நீங்க ஊரு போய்ச் சேரணும். மொதல்ல அதப் பாக்கணும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன். ஸ்டெல்லாதான் பதில் சொன்னாள்:

"நீ கேக்கவே மாட்ட, அப்பா. நீ எப்பவும் சிரிச்சிக்கினு இருப்ப."

நான் தனியாகப் போகிறேன் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் திறந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்து அம்மாள் என்னைப் பார்ப்பதும், என் பின்னால் வரிசையில் நிற்பவர்கள் பெருமூச்சு விடுவதும் கண் முன்னால் வந்தன. கையா அட்டையா என்று ஒரு வீட்டில் கேள்வி வந்துவிட்டது. பதில் சொல்ல வேண்டியவன் துணி மடிக்கப் போய்விட்டேன். மடிப்பதற்கு இரண்டே துணிதான் இருந்தது.

4

மாதத்தின் முதல் ஞாயிறு தமிழ்க் குடும்பத்தார் நாங்கள் ஒரு கோயிலின் பின்கூடத்தில் கூடுவோம். பூசைக்குப் பிறகு காப்பியும் வடையும் உண்டு. தவக்காலத்தில் மட்டும் எல்லா ஞாயிறும் கூடுவோம். கூட்டத்தை நடத்துகிற அருளப்பன் இந்த வருஷம் புதிதாக ஓர் ஏற்பாடு செய்தார். பைபிளில் வருகிற சாமான் ஒன்றை ஒவ்வொரு வாரமும் ஒருவர் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். அது தனக்கு என்ன சொல்கிறது என்று சொந்தமாக இரண்டு வார்த்தை பேச வேண்டும். பிரசங்கப் புத்தகத்தைப் பார்த்து ஒப்பிக்கக் கூடாது.

முதலில் மரக்காணத்து ரொசாலி உப்பு கொண்டுவந்தாள். உப்பளத்தில் வேலை செய்தவள். "கொழம்புல உப்பு இருந்தா யாரும் உப்ப நெனைக்க மாட்டாங்க. இல்லன்னாதான் கூப்பாடு போடுவாங்க. எங்க அம்மா அப்படித்தான் இருந்துச்சி" என்றாள். சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

அடுத்த வாரம் பெஞ்சமின் என்பவர் விளக்கு என்று சொல்லிவிட்டு ஒரு கண்ணாடி பல்பைப் பையிலிருந்து எடுத்தார். எல்லாரும் சிரித்தார்கள். "சிரிங்க, சிரிங்க" என்றார் அவர். "ஊட்டம்மா போனதுக்கு அப்புறம் வெளிய போவும்போது ஒரு பல்ப எரிய உட்டுட்டுத்தான் போறேன். திரும்பி வரும்போது கீழ ரோட்ல இருந்தே ஜன்னல் தெரியும். யாரோ இருக்காங்கன்னு படி ஏறலாம்." ரொசாலி அவர் தட்டில் இன்னொரு வடையை வைத்தாள்.

"அடுத்த வாரம் சவரிமுத்து அண்ணன்" என்றார் அருளப்பன் என்னைப் பார்த்து.

"எனக்கு வேணாங்க. பிலோமினா பேசுவா."

ரொசாலி விடவில்லை. "எல்லாத்துக்கும் அவங்களேவா? நல்லாக்கீது நியாயம். அண்ணனப் பாருங்க, வந்தப்போ எப்படி இருந்தாரோ அப்படியே சொகமா இருக்காரு. ஒரு முடி நரைக்கல. அக்காதான் எளச்சித் துரும்பாயிட்டாங்க. இந்த நாட்டுத் தண்ணி அண்ணனுக்கு ஒத்துக்குது, அக்காவுக்கு ஒத்துக்கல."

எல்லாரும் சிரித்தார்கள். பிலோமினாவும் சிரித்தாள். இடக்கையால் வலது முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் ரொசாலி சொன்னது எங்கேயோ கேட்ட பேச்சு மாதிரி இருந்தது. வீட்டுக்கு வருகிற வழியில் ரயிலில்தான் அது நினைவுக்கு வந்தது. அது ஒரு மாட்டைப் பற்றிய பேச்சு.

5

எங்களிடம் ஒரு பொருந்தாத ஜோடி இருந்தது. மயிலைக்காளை பெரிது. அதன் ஜோடி செத்துப்போனபோது திண்டிவனம் சந்தையில் கைக்கு அடங்கிய விலையில் ஒரு செவலைக்காளையைப் பிடித்து வந்தோம். எலும்பும் தோலுமாக இருந்தது. இரண்டையும் ஒரே நுகத்தில் பூட்டினால் செவலை படுத்துவிடும்.

ஏர் ஓட்டியவர்களுக்குத் தெரியும். நுகத்தடி இரண்டு கழுத்துக்கும் குறுக்கே கிடக்கும். ஏர்க்காலை அதன் நடுவில் கயிற்றால் கட்டுவோம். நடுவில் கட்டினால் இரண்டு மாட்டுக்கும் சரிபாதி பாரம். ஒன்று இளைத்ததாக இருந்தால் கயிற்றுக் கட்டை நடுவிலிருந்து விலக்கி, பலமான மாட்டின் பக்கம் நகர்த்திக் கட்ட வேண்டும். கட்டு எந்தப் பக்கம் நகருகிறதோ அந்தப் பக்கத்து மாடு கூடுதலாக இழுக்கும். மற்றதும் சும்மா நடப்பதில்லை, இழுக்கத்தான் இழுக்கும். ஆனால் அதன் கழுத்துக்குத் தாங்குகிற அளவுதான் இழுக்கும். அண்ணன் மயிலையின் பக்கம் நாலு விரல் தள்ளிக் கட்டினார். அன்று முழுக்க உழுதோம். செவலை படுக்கவில்லை.

கொஞ்ச நாளில் செவலை மினுமினுப்பாகிவிட்டது. தலையைத் தூக்கிக்கொண்டு, வாலை ஆட்டிக்கொண்டு நடக்கும். மயிலை தலையைத் தொங்கப்போட்டு, வாயில் நுரையோடு வரும். அந்தச் சமயத்தில்தான் திருவாமாத்தூர்ப் பக்கத்திலிருந்து மாடு பார்க்க ஒருவர் வந்தார். வரப்பில் நின்று இரண்டு சால் உழுவதைப் பார்த்தார்.

"பெரியவன் வேணாம்பா. மூச்சு வாங்குது, எளச்சிப் போச்சி. அந்தச் செவலையக் குடு. என்னா சொகமா நடக்குது பாரு. அதாம்பா உழைக்கிற மாடு."

அண்ணன் ஏரை நிறுத்தினார். "கிட்ட வந்து கயித்துக் கட்டப் பாருங்க" என்றார்.

வந்தவர் குனிந்து பார்த்தார். அவரும் பயிர்க்காரர்தான். கட்டு இருந்த இடத்தைப் பார்த்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அடப்பாவி, தூரத்துல இருந்து பாத்து மாத்திச் சொல்லிட்டேனே" என்று சொல்லிவிட்டு, செவலையை விட்டு மயிலையின் கழுத்தைத் தடவிக் கொடுத்தார். அன்று வியாபாரம் நடக்கவில்லை. மோர் குடித்துவிட்டுப் போனார்.

ரயிலில் எனக்கு எதிரே பிலோமினா தூங்கிக்கொண்டிருந்தாள். தலை தொங்கியிருந்தது. ஜன்னல் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. ரொசாலி சொன்னது சரிதான். ஒரு முடி நரைக்கவில்லை.

களைத்துப் போனவர்களைப் பார்த்து இயேசு சொன்னது உங்களுக்குத் தெரியும். என்னிடம் வாருங்கள், என் நுகத்தை ஏற்றுக்கொள்ளுங்கள், அது எளிது, என் சுமை லேசு என்பார். சின்ன வயசிலிருந்து கோயிலில் அதைக் கேட்கிறேன். களைத்தவனுக்கு நுகத்தையா கொடுப்பார்கள், கழற்றி அல்லவா விட வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். இங்கே வந்த பிறகு அந்த வாசகம் வரும் நாளில் பெரும்பாலும் தூங்கிவிடுவேன்.

அன்றைக்கு ரயிலில்தான் புரிந்தது. நுகத்தடியை ஒரு கழுத்துக்கு யாரும் செய்வதில்லை. "என் நுகம்" என்கிறார் என்றால், அவர் கழுத்து ஒரு பக்கத்தில் ஏற்கெனவே இருக்கிறது. மறுபக்கம் காலியாக இருக்கிறது, வந்து சேர்ந்துகொள் என்கிறார். உழவு உழவுதான், அது குறையாது. அவர் கயிற்றுக் கட்டைத் தன் பக்கம் நகர்த்தி வைத்திருக்கிறார். அதனால்தான் நம் பக்கம் லேசு.

இது தெரிந்ததும் எனக்கு ஆறுதல் வர வேண்டும் அல்லவா? வரவில்லை. ஆறு வருஷமாக என் பக்கம் லேசாக இருந்ததற்கு நான் ஆண்டவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த மறுபக்கத்தில் கண்ணால் பார்க்கும்படி ஒரு கழுத்து இருந்தது. அது எதிர் இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்தது.

6

அடுத்த ஞாயிறு துடைப்பக்கட்டையை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு பையில் வீட்டில் இருந்த அரிசி, பருப்பு, பூட்டாத பழைய பூட்டு என்று கனமாக எதையெல்லாமோ போட்டுக்கொண்டேன். கொஞ்சம் கயிறும் எடுத்துக்கொண்டேன். "எதுக்குங்க இதெல்லாம்?" என்று பிலோமினா கேட்டாள். "இருக்கட்டும்" என்றேன்.

என்னைப் பார்த்ததும் ரொசாலி, "கூட்டம் முடிஞ்சி கூட்டறதுக்கு அண்ணன் இப்பவே ரெடியா வந்துட்டாரு" என்றாள்.

முன்னால் போய் நின்றேன். பைபிளில் துடைப்பம் எங்கே வருகிறது என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். "இது நுகத்தடி" என்றேன். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. பிலோமினாவைக் கூப்பிட்டேன். எனக்குப் பதிலாகப் பேசத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து அவள் வேகமாக எழுந்து வந்தாள்.

"பேச வேணாம். இந்த முனையப் பிடி. எடது கையால பிடி."

கட்டையின் நடுவில் பையைக் கட்டினேன். மறுமுனையை நான் பிடித்தேன். இருவரும் தூக்கினோம்.

"இப்ப ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்" என்றேன். "எங்க ஊர்ல இப்படித்தான் மாட்டுக்கு நடுவுல கட்டுவோம். ஒண்ணு எளச்ச மாடா இருந்தா கயித்துக் கட்ட நகத்துவோம்."

இறக்கி, முடிச்சை அவிழ்த்து, என் கைக்கு ஒரு சாண் தூரத்தில் இறுக்கிக் கட்டினேன். மறுபடி தூக்கினோம். என் தோள் இறங்கியது. அவள் முனை மேலே எழும்பியது. இயேசு செய்தது இதுதான் என்று சொல்ல வந்தேன். சுமை போகவில்லை, எந்தப் பக்கம் போயிற்று பாருங்கள் என்று சொல்ல வந்தேன். வாரம் முழுக்க மனசுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகள். பாதி சொல்லியிருப்பேன். பிலோமினாவைப் பார்த்தேன். அவள் கட்டையைப் பார்க்கவில்லை, கூட்டத்தையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"அவ்வளவுதாங்க. எறக்கிடலாம்" என்றேன்.

"இருங்க" என்றாள் மெதுவாக. "கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும்."

எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. பெஞ்சமின் வந்து பையைத் தாங்கி இறக்கினார்.

ரயிலில் அவளிடம் சொன்னேன்: "செவ்வாக்கெழமை நீ ஆஸ்பத்திரிக்குப் போ. அட்டைக்கு நான் போறேன்."

"யாரு கூட?"

"யாரு கூடயும் இல்ல."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "என்னா பேசுவீங்க?"

"வாய் பேச வருமான்னு கேட்டா இல்ல, வரும்னு சொல்லுவேன்."

அவள் சிரிக்கவில்லை. "ஏதாவது தப்பா சொல்லி அட்ட போயிடுச்சின்னா?"

"ஆஸ்பத்திரி நாள் போனா?"

அவள் வலக்கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஸ்டெல்லா எனக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்து அம்மாளாகத் தன்னை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டாள். நான் பதில் சொன்னேன். "அப்பா, உன் நாக்கு ரொம்ப பேஜாரு" என்றாள். பேஜாரு என்ற சொல் அவளுக்கு இன்னும் நினைவிருக்கிறதே என்று நான் அந்த இடத்தில் கவனத்தை விட்டுவிட்டேன். "மறுபடி சொல்லு" என்று மேசையைத் தட்டினாள். அவ்வளவு நேரம் அவள் என்னோடு உட்கார்ந்து பல மாதம் ஆகியிருந்தது.

7

செவ்வாய்க்கிழமை விடிவதற்கு முன்னால் போய் வரிசையில் நின்றேன். குளிரில் காது உணர்வற்றுப் போனது. என் முறை வந்ததும் அதே அம்மாள்தான் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. நான் மனப்பாடம் செய்ததைச் சொன்னேன். அவள் புருவத்தை உயர்த்தி, கொஞ்சம் மெதுவாகக் கேட்டாள். நான் திரும்பச் சொன்னேன். பின்னால் ஒருவர் பெருமூச்சு விட்டார். விட்டுக்கொள்ளட்டும் என்று நின்றேன்.

கடைசியில் ஒரு தாள் குறைகிறது என்று திருப்பி அனுப்பினாள். வியாழக்கிழமை அந்தத் தாளோடு போனேன். அன்று அவள் இல்லை, வேறொருவர் இருந்தார். அவர் இன்னொரு தாளைக் கேட்டார். அடுத்த வாரம் மறுபடி போனேன். மூன்று மாதத்துக்குத் தற்காலிகச் சீட்டு கொடுத்தார்கள். பிலோமினா போயிருந்தால் ஒரே நாளில் முடித்திருப்பாள். இதை வீரமாக நான் சொல்லவில்லை. கால் வலித்தது, ஓட்டலில் சம்பளத்தைப் பிடித்தார்கள், ஒவ்வொரு நாளும் கண்ணாடியின் முன்னால் போய் நின்றதும் மனப்பாடம் செய்ததில் பாதி மறந்துபோனது. இப்போதும் மறக்கும். நகர்ந்த கட்டு கனக்கத்தான் செய்யும்.

பிலோமினாவின் கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். இரண்டு மாதம் வேலைக்குப் போகக் கூடாது. அதற்கப்புறம் பார்த்துவிட்டு, அறுக்க வேண்டுமா என்று சொல்வார்களாம். நல்லவேளை வந்தீர்கள் என்று டாக்டர் சொன்னாராம். கை முழுக்க மேலே வருமா என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் இரண்டாம் முறை கேட்கவில்லை. தலையை இப்போதும் ஸ்டெல்லாதான் முடிந்துவிடுகிறாள். எனக்கு அதைப் பார்த்துச் சந்தோஷமாக இல்லை.

ஈஸ்டர் பாஸ்கா முடிந்தது. போன சனிக்கிழமை அரிசி தீர்ந்துபோனது. லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. நான் மட்டும் கடைக்குப் போய் வாங்கிக்கொண்டு, ஸ்டேஷனிலிருந்து மூட்டையைத் தோளில் தூக்கி வந்தேன். கட்டடத்தின் அடியில் பிலோமினா துடைப்பக்கட்டையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"நீ எதுக்கு வந்த? கை என்னாத்துக்கு ஆவும்?"

"எடது கை நல்லாத்தானே இருக்குது. அஞ்சு மாடி தோள்ல தூக்கிக்கினு ஏறுனா நீங்க நெஞ்சப் புடிச்சிக்கினு உக்காந்துடுவீங்க. அப்புறம் அதுக்கும் நான்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடணும்."

மூட்டையைக் கட்டையில் மாட்டினேன். அவள் வழக்கம்போல் பின்முனைக்குப் போனாள்.

"நீ முன்னால போ" என்றேன்.

அப்போதுதான் எனக்கே தெளிவாகத் தெரிந்தது. படியில் ஏறும்போது கட்டை சாய்கிறது. கயிற்றுக் காதுகள் வழுக்கி, மூட்டை பின்னால் கீழ்ப்படியில் ஏறி வருகிறவர் பக்கம் போய் நின்றுவிடும். முன்னால் போகிறவனுக்கு அது தெரியாது. அவன் முதுகு மூட்டையின் பக்கம் இருக்கிறது. கட்டையின் நுனி மட்டும் அவன் கையில் இருக்கும்.

பாக்கெட்டிலிருந்து கயிற்றை எடுத்து, மூட்டை நகராதபடி என் கைப்பக்கம் சேர்த்துக் கட்டினேன். பிலோமினா முன்முனையை இடக்கையில் பிடித்தாள். ஏறினோம். முதல் மாடி. இரண்டாவது மாடி. என் மூச்சு எனக்கே கேட்டது. அவள் எங்கேயும் நிற்கச் சொல்லவில்லை. மூன்றாவது மாடித் திருப்பத்தில் நின்றாள். திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்:

"ஏங்க, மூட்ட இருக்குதா? கீழயே வச்சிட்டு வந்துட்டீங்களா?"

"இருக்குது" என்றேன். "நீ நட."